முன்னால் தள்ளினால் கீழே இறங்கும் மவுஸ்

என் ரெக்கார்டு நோட்டின் பாதிச் சொந்தக்காரியே, என் கோமு அண்ணியே,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதற்குள் நடந்த நல்லதையெல்லாம் அவ்வப்போது மனதுக்குள்ளேயே உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். உன் மகள் திவ்யா நர்சிங்கில் மூன்றாம் வருஷம். திருப்புலிவனத்து வீட்டில் நீ வைத்த முருங்கை ஆடிக் காற்றில் முறிந்து, மறுபடி துளிர்த்துவிட்டது. அவையெல்லாம் தாமாக நடந்தவை. இது நான் செய்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் புருஷனுக்கு நான் ஒரு லீவர் செய்து கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு லீவர். சிரிக்காமல் கேள்.

முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் பொக்லைன் ஓட்டிய இடுப்பு. காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்பில் டிஸ்க் நழுவியிருக்கிறது, வண்டியின் குலுக்கல் இனி ஆகாது, இன்னொரு முறை நழுவினால் வலது கால் வராமலே போகலாம் என்றார் டாக்டர். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அவுரு சொல்லுவாரு பாப்பா. அவரா வந்து ஏரிய தூர் வாருவாரு?" என்றான்.

அவனை உனக்குத் தெரியாதா? வீட்டில் உட்கார்ந்த மூன்று மாதத்தில் மூன்று வாக்கியம் பேசியிருப்பான். நீ போன பிறகு அவனுக்குப் பேச்சுத் துணையாக இருந்தது அந்த வண்டியின் சத்தம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரி வேலை எடுத்த காண்ட்ராக்டர் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்வார். "தோ, வந்துடறேன்" என்பான். வலிக்கிற காலை மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்துக்கொண்டே சொல்வான்.

அப்போதுதான் சரோஜாம்மா ஆளனுப்பினார். மானாம்பதி சாலையில் லாரிகளை எடை போடும் மேடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அந்த மேடைக்குப் பள்ளம் தோண்டியதே அண்ணன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் சென்னைக்குப் போய்விட்டாராம்.

"ஏய்மல, நெயலுல உக்காந்து பாக்குற வேல. ரெண்டு வாரம் டைம் தர்றேன், கத்துக்கினு வா. அடுத்த திங்கக்கெயம இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெயம. பத்து லாரி எடை போட்டுக் காட்டு. முடியலன்னா சொல்லிடு, நான் வேற ஆள் பாக்கணும்" என்றார் அண்ணனிடம்.

ஏரி வேலை தொடங்குவதும் அதே திங்கட்கிழமை. அண்ணன் காண்ட்ராக்டரிடம், "அன்னிக்குச் சொல்றேன்" என்று நிறுத்திவைத்தான். நானும் அவனும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. எடைமேடையில் தோற்றால் அவன் நேராக ஏரிக்குப் போய் வண்டி ஏறிவிடுவான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலை ஒன்றும் பெரிதில்லை, கோமு. லாரி மேடையில் ஏறி நிற்கும். வண்டி எண்ணைத் தட்ட வேண்டும். திரையில் மூன்று இடத்தில் அம்பைக் கொண்டுபோய் அழுத்த வேண்டும்: எடை எடு, பதிவு செய், அச்சிடு. எண்ணைத் தட்ட ஒரே நாளில் பழகிவிட்டான். அந்த அம்புதான் வம்பு செய்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து என் ஜெராக்ஸ் கடையில்தான் பாடம். மவுஸைத் தேளைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தான். மேஜை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய் நின்றான்.

"பாதை முடிஞ்சிபூட்ச்சி பாப்பா."

"தூக்கி இந்தப் பக்கம் வச்சி மறுபடி தள்ளுண்ணா."

"தூக்கினா அம்பு நவுர மாட்டேங்குதே."

"நவுரக் கூடாது. அதுக்குத்தான் தூக்கறது."

"நவுராததுக்கு இன்னாத்துக்கு நான் தூக்கணும்?"

ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணே, மாவு பெசையற மாதிரி பெசையாதண்ணே, அது பாவம்" என்றார். கடையே சிரித்தது. அண்ணன் காது சிவந்துவிட்டது. பக்கெட்டின் பல்லில் டீ கிளாஸை மாட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் மதகுச் சுவரில் வைத்துக் காட்டுகிற மனிதன் அவன். மூன்று நாள் அந்த எலியோடு மல்லுக்கட்டினான். கீபோர்டிலேயே முடிக்க வழி உண்டா என்று சரோஜாம்மாவின் கணினியில் போய்ப் பார்த்தேன். பழைய மென்பொருள், அம்பு இல்லாமல் எதற்கும் அசையவில்லை.

நான்காம் நாள் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். "எனுக்கு ஒரு லீவர் குடு. இதே கம்பியூட்டர்ல கெணறு வெட்டிக் காட்றேன்."

கோபத்தில் சொன்னதுதான். எனக்கு அன்று முழுக்க அதுவே காதில் ஒலித்தது. மவுஸ், கை நகர்ந்த அளவுக்கு மட்டும் நகரும். லீவர் அப்படி இல்லை. பிடித்திருக்கும் வரை வண்டி போகும், விட்டால் நிற்கும், அதிகம் சாய்த்தால் வேகமாகப் போகும். அவன் உடம்புக்குத் தெரிந்தது இரண்டாவது. ஐம்பது வயதில் அவன் ஏன் மாற வேண்டும்? மவுஸ் மாறட்டுமே என்று தோன்றியது.

தோன்றியவுடன் பயமும் வந்தது. நம் எலக்ட்ரானிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைப்பது நீ, எழுதுவது நான். உன் முடிவுகளை என் அழகான கையெழுத்தில் இரண்டு நோட்டிலும் எழுதி இரண்டு பேரும் மார்க் வாங்கினோம். பட்டம் வாங்கி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் பாதிதான் என்னுடையது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இல்லையா?

ஆன்லைனில் தேடி, கட்டைவிரல் உயரக் குச்சி வைத்த ஜாய்ஸ்டிக் பலகை ஒன்றும், அதை இயக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் வரவழைத்தேன். தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு குட்டிக் கணினி அது. நாம் என்ன கட்டளை எழுதி ஏற்றுகிறோமோ அதை மட்டும் ஓயாமல் செய்துகொண்டிருக்கும். குச்சியை ஆட்டினால் இரண்டு எண்கள் வரும், பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று. அந்த எண்களை அம்பின் நகர்வாக மாற்றுவதுதான் என் வேலை.

முதலில் வந்தது தப்பான மைக்ரோகண்ட்ரோலர். எண்களை அழகாகப் படித்தது, ஆனால் கணினியிடம் "நான்தான் மவுஸ்" என்று அறிமுகம் செய்துகொள்ள அதற்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த வகை தனியாம். மறுபடி வரவழைத்து, மறுபடி கூரியர் வண்டியை வழிபார்த்து, அதில் ஐந்து நாள் போனது.

ஐந்து கம்பிகளை நானே பற்றவைத்தேன், கோமு. முதல் இரண்டு தடவையும் ஈயம் வண்டுபோல உருண்டு விழுந்தது. மூன்றாவது பிடித்தது. கட்டளைகளை எழுதி ஏற்றிய அடுத்த நொடி, திரையில் இருந்த அம்பு பாய்ந்து வலது மூலைக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. திருத்தலாம் என்றால் எதையும் அழுத்த முடியவில்லை. உண்மையான மவுஸால் நான் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, கடையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கம்பியைப் பிடுங்கிவிட்டு, முதல் வேலையாக ஒரு சுவிட்ச் வைத்தேன். அதைப் போட்டால்தான் இனி அம்பு நகரும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கையில் இருந்தது இன்னும் இரண்டு நாள். வீட்டுச் சுவரில் பதிக்கிற சுவிட்ச் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் அடக்கி அண்ணன் முன் வைத்தேன். குச்சி அவன் கைக்குப் பல் குத்துகிற குச்சிபோல இருந்தது. எழுந்து வெளியே போனான். பழைய ஸ்குரூ டிரைவரின் பிடியை அறுத்து எடுத்துவந்து குச்சியின் தலையில் இறுக்கிப் பொருத்தினான். பெட்டியை ஒரு மரப்பலகையில் திருகினான். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, கையை வைத்தான்.

அம்பு போயிற்று. வளையாமல், தயங்காமல், போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. மறுபடி போயிற்று. அவன் முகத்தைப் பார்த்தேன். என்றோ ஒருநாள் நீ புதுப் புடவையில் வந்து நின்றபோது பார்த்த முகம்.

ஆனால் கையை எடுத்ததும் குறை சொல்லத் தொடங்கினான். மூன்று மாதம் பேசாதவன்!

"பாப்பா, வண்டி நியூட்ரல்ல நவுருது பார்."

உண்மைதான். தொடாமலே அம்பு மெல்ல மெல்ல ஊர்ந்தது. குச்சி நடுவில் நிற்கும்போது வரும் எண் சரியாக நடு எண்ணாக இல்லை.

"லீவருக்குக் கொஞ்சம் பிளே வுடணும். நடுவுல லேசா ஆடினா வண்டி கண்டுக்கக் கூடாது. அத்த தாண்டினாத்தான் எடுக்கணும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவான்."

நடுவைச் சுற்றி ஒரு சின்ன எல்லை வைத்து, அதற்குள் வருவதெல்லாம் பூஜ்யம் என்று எழுதினேன். ஊர்தல் நின்றது. அவன் சொல்லாவிட்டால் அதற்காக நான் இரண்டு நாள் இணையத்தில் படித்திருக்க வேண்டும். அவனுக்கு அது இடுப்பில் இருந்தது.

இன்னொரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். குச்சியைத் தலையில் அழுத்தினால் கிளிக் ஆகும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் திரையில் ஏதாவது ஒரு ஜன்னல் தானாகத் திறந்தது. நிரலில் தேடினேன், கம்பியில் தேடினேன். கடைசியில் அவன் கையைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பும் முன் சுற்றி நிற்பவர்கள் விலக இரண்டு ஹார்ன் அடிப்பார்கள் அல்லவா? ஹார்ன் பொத்தான் லீவரின் தலையில்தான். இவன் அம்பைக் கிளப்பும் முன் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"கம்பியூட்டருக்குள்ள யாருண்ணா நிக்கறாங்க?"

"யாரோ நிப்பாங்க. அடிச்சிட்டுப் போறதுல இன்னா நஷ்டம்?"

கிளிக்கை இடது பக்கம் தனிப் பொத்தானுக்கு மாற்றினேன். குச்சித் தலையை ஒன்றும் செய்யாமல் விட்டேன். அவன் பாட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும்.

அன்று கடை சாத்தும்போதுதான் என் தவறு கண்ணில் பட்டது. நானே குச்சியைப் பிடித்து மேலே கொண்டுபோக முன்னால் தள்ளினேன். அம்பு கீழே இறங்கியது. பின்னால் இழுத்தால் மேலே ஏறியது. பள்ளிக்கூட வரைபடத்தில் மேலே போவதுதான் கூட்டல். திரையில் கணக்கு மேலிருந்து கீழே எண்ணுகிறது. ஒரு கழித்தல் குறி போட மறந்திருக்கிறேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. நல்லவேளை, அண்ணன் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குறியைப் போட்டு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தான். அம்பு தாறுமாறாகப் பாய்ந்தது. 'பதிவு செய்' என்ற இடத்துக்குப் போகவேண்டியது திரையின் உச்சிக்குப் போய் முட்டியது. மறுபடி முட்டியது. மவுஸைவிட மோசம். மத்தியானத்துக்குள் சட்டை நனைந்துவிட்டது.

"வாணாம் பாப்பா. பேஜாரா கீது. நான் ஏரிக்கே போறேன்."

"நேத்து நல்லாத்தானண்ணா ஓட்டின?"

"நேத்து நல்லா இருந்திச்சி. இன்னிக்கு யாரோ லீவரைத் தலகீயா மாட்டிக்கீறாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ எதனா பண்ணியா?"

ஒப்புக்கொண்டேன். தப்பு இருந்தது, திருத்தினேன், முன்னால் தள்ளினால் மேலேதானே போகவேண்டும் என்றேன். நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"யாரு சொன்னது? லீவரை இஸ்த்தா பூம் ஏறும், தள்ளினா எறங்கும். ஒலகத்துல எந்த வண்டியும் அப்டித்தான். இருபத்தி ரெண்டு வருசமா இஸ்த்துக்கினு கீறேன். ஒயுங்கா இருந்த வண்டிய படிச்சவ வந்து கெடுத்துட்டியேம்மே!"

பூம் என்பது அந்த வண்டியின் நீளக் கை. பள்ளத்துக்குள் இறக்க முன்னால் தள்ள வேண்டும். மண்ணோடு தூக்கப் பின்னால் இழுக்க வேண்டும். நான் வெட்கப்பட்டு மறைத்த தவறுதான் அவனுடைய இருபத்திரண்டு வருஷத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. முதல் நாள் அவன் ஏன் அப்படித் தயங்காமல் ஓட்டினான் என்று நான் கேட்கவே இல்லை. என் நோட்டில் எது சரியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு குறியை அழித்தேன். ஏற்றினேன். "இப்ப பார்ண்ணா."

பார்த்தான். இரண்டு ஹார்ன் அடித்தான். அம்பு 'எடை எடு'வுக்குப் போய் நின்றது. பிறகு அன்று மாலை வரை எழுந்திருக்கவில்லை. இல்லாத லாரிகளுக்கெல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தான். இடுப்புக்கு ஆகாது, எழுந்து நட என்று நான்தான் விரட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பெட்டியை ஒரு பையில் போட்டு, அவனோடு பஸ்ஸில் போனேன். எடைமேடைக் கணினி இதை மவுஸ் என்று ஏற்குமா? என் கடையில் செய்வதை எல்லா இடத்திலும் செய்யுமா? சொருகினேன். ஒரு சத்தம் வந்தது. சுவிட்சைப் போட்டதும் அம்பு ஆடியது.

சரோஜாம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இன்னாடி இது, சுச்சு போர்டு எட்த்தாந்து வச்சிக்கீறீங்க?"

"இது அவனோட மவுஸும்மா. உங்க மவுஸும் வேலை செய்யும். ரெண்டும் இருக்கட்டும்."

முதல் லாரி நெல் மூட்டை. இரண்டாவது ஜல்லி. மூன்றாவதில் எண்ணைத் தப்பாகத் தட்டி அழித்துத் தட்டினான். பின்னால் நான்கு வண்டிகள் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாண்ணா, பில் போடறியா, ஏர் ஓட்டறியா?" என்றார். அண்ணன் திரும்பாமலே, "பொக்லைன் ஓட்டறேன், தள்ளி நில்லு" என்றான். வரிசையே சிரித்தது. சீட்டு அச்சாகி வந்தது.

நடுவில் சரோஜாம்மாவுக்கு ஆசை வந்து குச்சியைப் பிடித்துப் பார்த்தார். முன்னால் தள்ள, அம்பு கீழே போயிற்று. "தலகீயா கீதுடி!" என்று என்னைப் பார்த்தார். "இல்ல மொதலாளியம்மா," என்றான் அண்ணன், "ஒங்களுதுதான் தலகீயா கீது." அவர் தலையில் அடித்துக்கொண்டு தன் மவுஸுக்குப் போனார்.

பத்தாவது லாரி இறங்கியபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. சரோஜாம்மா எழுந்து, "நாளைக்கு எட்டுக்கு வந்துடு" என்றார். அவ்வளவுதான். அப்போது அண்ணனின் போன் அடித்தது. காண்ட்ராக்டர்.

அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டான். பதினோராவது லாரி மேடை ஏறிக்கொண்டிருந்தது. "வேற ஆளு பாத்துக்கோ சார். நான் வேலையில கீறேன்" என்றான். வைத்துவிட்டு வண்டி எண்ணைத் தட்டத் தொடங்கினான். கோமு, அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். கொஞ்சம் இருந்தது. அதைவிட அதிகமாக அவசரம் இருந்தது. லாரி நிற்கிறதே!

இப்போது மூன்று மாதம் ஆகிறது. தினமும் ஒரு குறையோடு கடைக்கு வருகிறான். வேகம் போதாது, பொத்தான் கெட்டி, பெட்டி சூடாகிறது என்று. நான் எழுதி ஏற்றிக்கொடுக்கிறேன். நேற்று நானே ஒரு நோட்டு வாங்கி, என்னென்ன மாற்றினேன் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதில் உள்ள முடிவுகள் என்னுடையவை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உன்னைத் தவிர யாருக்கு விளங்கும்?

ஏரிகள் மறுபடி வற்றும். காண்ட்ராக்டர் மறுபடி கூப்பிடுவார். அப்போது அவன் கை சும்மா இருக்கக் கூடாது. இந்தச் சின்னக் குச்சி தினம் நூறு முறை ஆடினால் தேய்ந்துதான் போகும். அதனால் இரண்டாவது ஒன்றை இன்றே முடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அது தேயும் முன் மூன்றாவது தயாராக இருக்கும். என் கண்ணும் விரலும் ஒத்துழைக்கும் வரை, உன் புருஷன் மறுபடி அந்த வண்டியில் ஏறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பற்றவைக்கப் பழகிவிட்ட,
உன் நாத்தனார்
வசந்தி